காலியாக உள்ள பொறுப்புகள்

1

இந்த வாரம் எங்கள் நீச்சல் கிளப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது, கீழ்க்கண்ட பொறுப்புகள் காலியாக உள்ளன, விருப்பமுள்ள பெற்றோர் பெயர் தரலாம் என்று. செயலாளர், போட்டிகளுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புகிறவர், நேரம் குறிப்பவர், குழந்தைகள் நலப் பொறுப்பாளர். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பொறுப்பில் நான் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தேன். அதை எப்படி இழந்தேன் என்பதை ஊரில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்கியாக வேண்டும். எனக்கு ஊர் இரணியலுக்குப் பக்கம். அங்கே எங்கள் திருச்சபையில் கமிட்டிக்குத் தேர்தல் வந்தால் இரண்டு அணி, இரண்டு நிற நோட்டீஸ், வீடு வீடாக நடை. சொந்த மச்சானும் மச்சானும் ஆறு மாதம் பேசாமல் இருப்பார்கள். இங்கே, வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊரில், கமிட்டிக்கு ஆள் தேடும் கூட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கிளப்பில் பயிற்சியாளர் ஒருவருக்குத்தான் சம்பளம். மற்ற எல்லா வேலையும் பெற்றோர்கள் தலையில். பதவியை யாருக்கும் பிடிக்காது. வந்தால் விடவும் முடியாது.

ரூத் என் மகள். அவள் கிளப்பில் சேர்ந்த இரண்டாவது வருடம், முதன்முதலாக அந்தக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் மார்ட்டின், பட்டியலில் கடைசிக்கு வந்து, "குழந்தைகள் நலப் பொறுப்பாளர், யாராவது?" என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் அவ்வளவு அமைதி வந்தால் அடுத்து நாற்காலி பறக்கும் என்று அர்த்தம். பழக்க தோஷத்தில் நான் நெளிந்து உட்கார்ந்தேன். நாற்காலி கிரீச்சென்றது. "ஷீபா! மிக்க நன்றி" என்றார் மார்ட்டின். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இருந்த நிம்மதியை நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று.

எனக்கு நீச்சல் தெரியாது என்று மார்ட்டினிடம் சொன்னேன். தேவையில்லை என்றார். தண்ணீருக்கு வெளியே நடப்பதுதான் என் பொறுப்பாம்.

2

பொறுப்பு என்றால் என்னென்ன? ஒரு நாள் பயிற்சி. காவல்துறைச் சரிபார்ப்பு. குளத்து வாசலில் என் புகைப்படமும் போன் எண்ணும் ஒட்டிய ஒரு தாள். உடை மாற்றும் அறையில் போன் எடுக்கக் கூடாது. பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பிள்ளையின் வீட்டார் எழுதிக் கொடுக்காமல், இன்னொரு பெரியவரும் உடன் இல்லாமல், யாரும் எந்தப் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பெற்றோர்களுக்கு இந்த விதிகளைச் சொல்ல நானே உட்கார்ந்து படங்கள் போட்டு ஒரு வகுப்பு எடுத்தேன்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதுதான் பெரும்பாடு. முதல் கடிதத்தை நம் ஊர் அலுவலகப் பழக்கத்தில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்தேன். "செய்ய வேண்டியது எது என்று தெரிந்தால் உடனே செய்துவிடுவேன்" என்று ஒருவர் பதில் எழுதினார். கேலி என்று நினைத்து இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. பிறகுதான் அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று தெரிந்தது.

அவர்தான் கென்னத். ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய பிள்ளைகள் இந்தக் கிளப்பில் நீந்தி, வளர்ந்து, வேறு ஊர்களுக்குப் போய் வருடக் கணக்காகிவிட்டது. அவர் மட்டும் நின்றுவிட்டார். காகிதத்தில் அவர் நேரம் குறிப்பவர். நடப்பில், வாசல் கதவைத் திறப்பார், பாதை பிரிக்கும் கயிறுகளைக் கட்டுவார், குளித்துவிட்டு ஒற்றைச் செருப்போடு நிற்கும் சின்னப் பிள்ளைக்கு மற்றச் செருப்பைத் தேடிக் கொடுப்பார், எல்லோரும் போன பிறகு விளக்கை அணைப்பார். இதில் ஒன்றும் பொறுப்புப் பட்டியலில் கிடையாது.

என் கணவர் ஜெயசிங்குக்கு மூன்று மணி நேரத் தொலைவில் வேறு நகரத்தில் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். நான் இங்கே மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன், ஷிஃப்ட் முறையில். வாரநாட்களில் நானும் ரூத்தும்தான். நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எங்களைத் தெரியும் என்று கையெழுத்திட உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் கேட்கும் உரிமையோடு ஒருவரை யோசித்தால் கென்னத் முகம்தான் வந்தது. குளத்துப் படியில் வைத்தே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

3

நான் அந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு டியூஷன் சார் இருந்தார். மழை நாளில் தூரத்துப் பிள்ளைகளை அவரே ஸ்கூட்டரில் கொண்டு வீட்டில் விடுவார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லா அம்மாமாரும் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு ஐப்பசி மாதம் சட்டென்று டியூஷனை நிறுத்தினாள். பிறகு பள்ளிக்கும் சரியாக வரவில்லை. அவள் அம்மா சாரிடம் வந்து, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவளிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த ஊர்க்காரர்களின் படிவங்களைப் பார்த்து எனக்குச் சலிப்பு வருமே தவிர, சிரிப்பு வராது. கேட்பதற்கென்று ஒரு ஆளை நியமித்து வாசலில் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நானாக இருந்தேன்.

4

போன வருடம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. என் ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிய வேண்டும். அடுத்து வர வேண்டியவள் வரவில்லை. அவசரப் பிரிவிலிருந்து மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன. ரூத்துக்கு ஏழரைக்குப் பயிற்சி முடியும். வெளியே மழை சாய்த்து அடித்தது. அவள் போன் அணைந்து கிடந்தது. குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேருந்து முக்கால் மணிக்கு ஒன்று.

கென்னத்தைக் கூப்பிட்டேன்.

"ரூத்தை வீட்டில் கொண்டு விட்டுவிட முடியுமா? என்னால் இங்கிருந்து நகர முடியாது."

"ஷீபா, அது நம் விதிப்படி..."

"விதியைப் பார்த்துக்கொள்கிற ஆளே நான்தானே கென்னத்" என்று சிரித்தேன்.

"சரி" என்றார்.

எட்டு மணிக்கு ரூத் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒன்பதுக்கு நான் போனேன். நன்றி என்று கென்னத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். எழுத்தில் அனுமதி கொடுக்கவில்லை, இன்னொரு பெரியவர் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதிகள் எல்லாம் மற்றவர்களுக்காக என்று எங்கோ மனதில் இருந்திருக்கிறது.

5

ஆகஸ்டில் நானும் ரூத்தும் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். டேவிட்சன் அண்ணன் வீட்டில் தங்கினோம். வீடு முழுக்க நோட்டீஸ் கட்டுகள். அண்ணன் சபைக் கமிட்டிச் செயலர் பதவிக்கு நிற்கிறான். மஞ்சள் நோட்டீஸில் அவன் படமும், குடும்பப் பெருமைகளும். நான்காவது வரியில், 'இவரது தங்கை இங்கிலாந்தில் குழந்தைகள் நல அதிகாரி' என்று இருந்தது.

"இதென்ன அண்ணா? ஒரு நீச்சல் கிளப்புல சம்பளம் இல்லாத வேலையாக்கும் அது."

"சும்ம கெட ஏட்டி. சம்பளம் இல்லாம செய்யதுதான் இஞ்ச வோட்டு. நீ ஒண்ணும் விளக்கப் போவாத."

ஊருக்குப் போன நான்காம் நாள், மார்த்தாண்டத்தில் துணி எடுத்துவிட்டு நெரிசலில் சிக்கி ஊர்ந்துகொண்டிருந்த காரில் வைத்து மார்ட்டினின் மின்னஞ்சல் ஒன்றைத் திறந்தேன். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுவனின் தாய், தான் கண்ட ஒன்றைப் புகார்ப் படிவத்தில் எழுதியிருந்தார். விடுமுறையில் இருந்த மார்ட்டின் தாமதமாகப் பார்த்து, நடைமுறைப்படி நலப் பொறுப்பாளரான எனக்கு அனுப்பியிருந்தார். மழை பெய்த ஒரு வியாழக்கிழமை மாலை. வயதான ஆண் தன்னார்வலர். பெயர் தெரியாத ஒரு சிறுமியைத் தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சிறுமிக்குப் பதினான்கு வயது இருக்கலாம். நீளமான கருத்த கூந்தல். சிவப்பு மழைக்கோட்டு.

சிவப்பு மழைக்கோட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெயர் தெரியாத சிறுமி பின் இருக்கையில் என் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

புகார் எழுதிய பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது சரி. பயிற்சி வகுப்பில் நான் என்ன செய்யச் சொன்னேனோ அதைத்தான் செய்திருந்தார்.

அன்றே கிளப்புகளைக் கண்காணிக்கும் மேலமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்தத் தன்னார்வலர் குளத்துப் பக்கம் வரக் கூடாது. இரண்டும் என் கையெழுத்தில் போக வேண்டிய கடிதங்கள். சொந்தப் பிள்ளையைப் பற்றிய புகாரை நானே கையாளக் கூடாது என்று மட்டும் மார்ட்டினுக்கு எழுதினேன். சிறுமி ரூத் என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் மார்ட்டின் காணொளியில் வந்தார். அங்கே அவருக்குக் காலை. என் பின்னால் தெருவில் அண்ணனின் ஆட்டோ ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். தேர்தல் என்றேன். என்ன தேர்தல் என்றார். ஒரு கமிட்டிக்கு என்றேன். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"கென்னத்திடம் பேசினேன்" என்றார் மார்ட்டின். "ஆமாம், கொண்டு விட்டேன், மழை பெய்தது, நானாக எடுத்த முடிவு என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். உங்களுக்கு இது தெரியுமா ஷீபா?"

"நான் அன்று வேலையில் இருந்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. மார்ட்டின் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

6

அன்று சாயங்காலமே கென்னத்தைக் கூப்பிட்டேன். பேசக் கூடாது என்பது விதி. அதையும் மீறினேன்.

"ஏன் சொல்லவில்லை? நான்தானே உங்களைக் கேட்டேன்?"

"உங்கள் காகிதங்கள் அரசாங்கத்தில் இருக்கின்றன, ஷீபா. நற்குணம் என்று அதில் ஒரு பகுதி இருந்ததே, நான் வாசித்தேன். எனக்கு என்ன, எந்தக் காகிதமும் எங்கேயும் காத்திருக்கவில்லை."

"அதற்காக..."

"மழை பெய்தது. பிள்ளை நனைந்தாள். என்னைக் கேட்டால் மறுபடியும் அதைத்தான் செய்வேன். வையுங்கள், ஊரில் நன்றாக இருங்கள்."

ஜெயசிங்கிடம் போனில் சொன்னேன். "அவரே ஒண்ணும் பறயாதப்பம் நீ எதுக்குப் போய்த் தலையக் குடுக்கணும்? நம்ம விண்ணப்பம் போயி ஏழு மாசம் ஆச்சு. ஒரு கடுதாசில ஒம் பேரு வந்தா அது எங்க போய் நிக்கும்னு ஆருக்குத் தெரியும்?" என்றார். அவர் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம். இங்கே ஒரு படிவத்தில் எழுதியது அழியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கள்ளம் செய்யாமலே உள்ளுக்குள் ஒரு நடுக்கம் உண்டு.

அண்ணனிடமும் சொன்னேன், ஒரே மூச்சில் முடித்தான். "ஏட்டி, ஒனக்கு வட்டு உண்டா? கெடச்ச பதவிய எவனாவது தானா விடுவானா? அதுவும் தேர்தலுக்கு மூணு நாளு கெடக்கும்ப?"

இரவுச் சாப்பாட்டின்போது மைனி, அண்ணனின் மனைவி, ரூத்திடம் நீச்சலுக்குப் போக வர வசதி எப்படி என்று கேட்டாள். ரூத்துக்குத் தமிழ் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள்.

"பஸ்ல போவேன் அத்தை. ஒரு நாள் மழைல கென்னத் என்னை வீட்ல போட்டார்."

அண்ணன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "ஆருட்டி ஒன்னப் போட்டது?"

"கொண்டு விட்டார்னு சொல்லுகா அண்ணா" என்றேன் அவசரமாக.

எல்லோரும் சிரித்தார்கள். ரூத் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "கொண்டு விட்டார்" என்று மெதுவாகத் திருத்திச் சொன்னாள்.

7

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து ரூத்தை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். ஊருக்கு வந்த பிள்ளையை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்று ஒரு கடமை. மேல் தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு புதுமண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. ரூத் கடலைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொஞ்சம் அதை வச்சிட்டுக் கடலைப் பாரேன் மக்களே."

"அம்மா, கிளப் சாட்ல கென்னத்தைப் பத்தி என்னென்னவோ எழுதுறாங்க."

"என்ன எழுதுகாங்க?"

"அவரை வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். ஏதோ ஒரு பொண்ணாம். என் கூட நீந்துற எம்மா எழுதியிருக்கா, அவருக்கு எப்பவுமே ஸ்டிரேஞ்ச் சிரிப்புன்னு." போனைப் பைக்குள் திணித்தாள். "எம்மாவோட செருப்பை அவர் எத்தனை தடவை தேடிக் கொடுத்திருக்கார்."

நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு நான்தானே?"

"ஆமா."

"நீங்கதானே அவர்கிட்ட கேட்டீங்க? நான் பக்கத்துல நின்னேன்மா. அவர் போன்ல நீங்க சிரிச்சது கேட்டுது."

"ரூத், இது நீ நினைக்கது போல லேசான விஷயம் இல்ல. நம்ம குடியுரிமை..."

"நீங்கதானே வெல்ஃபேர் ஆபீசர்?" என்று ரூத் என்னை நேராகப் பார்த்தாள். "யாரோட வெல்ஃபேர்?"

இந்தப் பிள்ளை எங்களை விட்டுத் தூரம் போகிறாள், தமிழை விடுகிறாள், வீட்டில் இருந்தாலும் வீட்டில் இல்லை என்று நான் ஜெயசிங்கிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். அன்று அவள் தூரமாக இல்லை. மிகப் பக்கத்தில், பதில் சொல்லாமல் நகர முடியாத பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னாள்.

கோட்டைக்கு வெளியே, பலாப்பழம் விற்கிற வண்டியின் நிழலில் காரை நிறுத்திவிட்டு, மார்ட்டினுக்கும் மேலமைப்புக்கும் ஒரே கடிதமாக எழுதினேன். அன்று மாலை கென்னத்திடம் ரூத்தைக் கொண்டுவிடச் சொன்னது நான். அவர் விதியை நினைவூட்டினார். நான் சிரித்து ஒதுக்கினேன். கேட்டபோது நான் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. இவ்வளவுதான். முடிவில் ரூத்திடம் நீட்டினேன், இலக்கணம் பார் என்று. அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள். கீழே வழக்கம்போல 'கைண்ட்லி' என்று ஒரு வரி ஆரம்பித்திருந்தேன். அதை அழித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அவளே தொட்டாள்.

ஜெயசிங் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதோடு முடிந்தது.

தேர்தலில் அண்ணன் ஜெயித்தான். மாலையோடு வீட்டுக்கு வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒன்ன அங்க எடுத்துட்டாவளா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கடிதம் இன்னைக்கு வந்துது. பொறுப்புல இருந்து விலகணும்னு."

அவன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மைனிகிட்ட சொல்லாத. நோட்டீஸுல போட்டாச்சு பாத்தியா" என்றான். போகிறவன் திரும்பி வந்து, "பேடியாட்டம் இருக்காம எழுதினது கொள்ளாம், கேட்டியா" என்றான். என்னைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. உடனே யாரோ பட்டாசு வெடிக்க, ஓடிப் போனான்.

8

செப்டம்பரில் திரும்பினோம். விசாரணை முடிந்து கென்னத் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இனி இரண்டு வருடம் எந்தப் பொறுப்பும் கிடையாது என்றார்கள். குடியுரிமைக் காகிதம் இன்னும் வரவில்லை. அது இதனால் தாமதமா, இல்லை எல்லோருக்கும் ஆகும் தாமதமா என்று கேட்கவும் ஓர் இடம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் சன்னல் பக்கம் போய் நிற்கிறேன், அவ்வளவுதான்.

கென்னத் மட்டும் திரும்ப வரவில்லை. மார்ட்டின் இரண்டு முறை எழுதியும் வரவில்லை. வாசல் கதவு தாமதமாகத் திறந்தது. கயிறு கட்ட ஆளில்லாமல் பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். அவர் என்னென்ன செய்தார் என்பது அவர் இல்லாதபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். ரூத் காரிலேயே இருந்தாள். கென்னத் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி நாற்காலியில் இருந்த நாளிதழ்களை எடுத்து வைத்தார்.

"என்னை மன்னியுங்கள்" என்றேன். அதற்கு முன்னால் வீட்டில் பயின்ற நீளமான ஆங்கில வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம்" என்றார். "ஆறு வருடமாக விடுவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஈரத் தரையில் எத்தனை நாள் நடப்பது? எனக்கு நிம்மதிதான்."

"மார்ட்டின் வரச் சொல்லி எழுதினாரே?"

"நல்ல கடிதம். வாசித்தேன்." அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "முன்னால் நான் கதவைத் திறந்தால் கென்னத் வந்துவிட்டான் என்பார்கள். இனி, விசாரித்ததில் ஒன்றும் இல்லையாம் என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை ஷீபா."

அவர் என் தோளைத் தட்டி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

காரில் ஏறியதும், "என்ன சொன்னார்?" என்றாள் ரூத்.

"விட்டது நிம்மதியாம்."

"பொய்."

"தெரியும் மக்களே."

ரூத் கதவைத் திறந்து இறங்கினாள். நான் கூப்பிடக் கூப்பிட நடந்து போய் மணியை அடித்தாள். கென்னத் மறுபடி வந்தார். இருவரும் வாசற்படியில் நின்று பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு தடவை அவர் தலையை அசைத்து மறுத்தார். அவள் கைகளை ஆட்டி ஏதோ வாதாடினாள். அப்படியே என் அண்ணன் வோட்டுக் கேட்கும் சாயல்.

திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு சொன்னாள்.

"சும்மா மேல கேலரில வந்து உட்கார்ந்து பாருங்கன்னு சொன்னேன். பார்க்கிறதுக்கு ஃபார்ம் எதுவும் வேண்டாம்ல அம்மா?"

எனக்குப் பாடமான அத்தனை விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். சட்டைக்கு மேல் நல்ல கோட்டு. ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்தவர் போல. இத்தனை வருடத்தில் அந்த மேல் வரிசைப் படிகளில் ஏறியதில்லையாம்; எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று கேட்டார். முன் வரிசையில் புகார் எழுதிய அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். யார் எழுதியது என்று கென்னத்துக்குத் தெரியாது. தெரிந்தவள் நான், அதை யாரிடமும் சொல்லக் கூடாதவளும் நான். அந்தத் தாய் கென்னத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கென்னத் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அடுத்து நான்.

கீழே ரூத் நீந்திக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் எல்லாத் தொப்பியும் ஒன்றுபோல் இருக்கிறது. எது ரூத் என்று கென்னத்தான் காட்டினார். பயிற்சி முடிந்து விசில் ஊதினார்கள். பிள்ளைகள் கரையேறினார்கள். ஒரு பக்கம் கயிற்றைச் சுருட்ட ஆள் தேடி மார்ட்டின் மேலே பார்த்தார். எங்கள் இருவரையும் கண்டதும், கையை உயர்த்தப் போனவர் இறக்கிக்கொண்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். அரைக் குளத்து விளக்கு அணைந்தது. கென்னத் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மிச்ச விளக்கை யாராவது வந்து அணைக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.